முட்டைக்கோசின் பச்சை இலையை எறியாதீர்கள்! வைட்டமின் கே பெற வீட்டுக் குறிப்புகள்

பழனியிலிருந்து ஏறி வரும் சாலையும் வத்தலகுண்டிலிருந்து ஏறி வரும் சாலையும் பெருமாள்மலையில்தான் சேருகின்றன. கொடைக்கானல் மலைக் காய்கறி கீழே இறங்குவதும் இந்த வழியாகத்தான். இவ்வளவு காய் விளைகிற ஊரில் சத்துக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் மலை வீடுகளில் அடிக்கடி வேகும் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், சௌசௌ நான்கையும் சேர்த்தாலும் வைட்டமின் கே கணக்கில் பெரிதாக ஒன்றும் தேறாது. அது பச்சை இலையில் இருக்கிறது. அதிலும் கடையிலேயே உரித்துப் போட்டுவிட்டு வருகிற இலையில் நிறையவே இருக்கிறது.

காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு ஈரல் சில புரதங்களைத் தயாரிக்கிறது. அவை வேலை செய்யும் நிலைக்கு வர வைட்டமின் கே கட்டாயம் வேண்டும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. 1929இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து வளர்த்தபோது, அவற்றின் தோலுக்கடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்ததைக் கண்டார். அந்தத் தடத்தில் போய்த்தான் இந்த வைட்டமின் கண்டுபிடிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சிக்கும் கிடைத்தது.

1. எவ்வளவு வேண்டும்? ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 55 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து சொன்ன அளவு. அமெரிக்காவில் 120, 90 என்று வைத்திருக்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் பயப்பட வேண்டாம். 100 கிராம் பாலக்கீரையில் 480 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு கரண்டி கீரை மசியல் அன்றைய தேவையைத் தாண்டிவிடும். ஆனால் உடம்பு இதை அதிகம் சேமித்து வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு கீரையை மொத்தமாகச் சமைத்துவிட்டு வாரம் முழுக்கச் சும்மா இருப்பதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே சரி.

2. முட்டைக்கோசை எடை போடும்போது பார்த்திருப்பீர்கள். கடைக்காரத் தம்பி பழக்கத்தில் கரும்பச்சை இலைகளை மளமளவென்று உரித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, வெள்ளையாக இறுகிய உருண்டையைத் தராசில் வைப்பார். “தம்பி, அந்த இலையை உரிக்காதப்பா, அப்படியே போடு” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயில் பட்ட வெளி இலையில்தான் வைட்டமின் கே அதிகம். உள்ளே போகப்போக, நிறம் வெளுக்க வெளுக்க, சத்தும் குறைந்துகொண்டே போகும். முழுக் கோசுக்குச் சராசரியாக 100 கிராமுக்கு 75 மைக்ரோகிராம் என்று சொல்வது உள்ளும் வெளியும் கலந்த கணக்கு.

 மருந்து தெளித்திருப்பார்களே என்ற கவலை நியாயமானது. அதனால் மண்ணும் ஓட்டையுமாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு இலையை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த நாலைந்து பச்சை இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கல் உப்புப் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். புழுவும் மேலே ஒட்டியிருக்கும் மருந்தும் பெருமளவு போய்விடும். இலைக்குள் ஊடுருவிய மருந்து கழுவினால் போகாது. ஆகவே தெரிந்த தோட்டத்தில், மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு வாங்க முடிந்தால் அதுவே நல்லது. வீட்டுக் கொல்லையில் நாலு நாற்று நட்டால் இன்னும் நல்லது.

 வெளி இலை சற்று முரடு. நடு நரம்பைக் கிள்ளிவிட்டு, இலையைச் சுருட்டி மெல்லிய நூலாக அரிந்து, கடலைப்பருப்போடு கூட்டாக வையுங்கள். பருப்பு பாதி வெந்ததும் இலையைப் போட்டால் இரண்டும் ஒன்றாக வேகும்.

3. பீட்ரூட் கிழங்கில் வைட்டமின் கே கிட்டத்தட்ட இல்லை. அதன் தழையில் 100 கிராமுக்குச் சுமார் 400 மைக்ரோகிராம் இருக்கிறது. முள்ளங்கித் தழை, காலிஃப்ளவரைச் சுற்றியுள்ள இளம் இலை, வெங்காயத்தாள் எல்லாமே இந்தக் கணக்கில் கீரைதான். கீழே போகும் மூட்டைகளில் தழையை நறுக்கிவிட்டுத்தான் கட்டுகிறார்கள். மதுரையில் இருப்பவருக்குக் கிடைக்காத இந்தத் தழை, மலையில் இருப்பவருக்குத் தோட்டத்து வரப்பிலேயே கிடைக்கிறது. பீட்ரூட் தழையைத் துவரம்பருப்போடு கடைந்து, பூண்டு தாளித்துப் போட்டால் குழந்தைகள் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள்.

4. சௌசௌ கொடி வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும். காயில் 100 கிராமுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஆனால் டார்ஜிலிங்கிலும் மிசோரத்திலும் இதன் நுனிக் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகவே வதக்கிச் சாப்பிடுகிறார்கள். சுருள் கம்பியை நீக்கிவிட்டு, விரலால் ஒடித்தால் படக்கென்று ஒடியும் இளம் தண்டையும் இலையையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் இந்த வழக்கம் பரவவில்லை. பரவ வேண்டும் என்பது என் ஆசை.

5. கீரைக்கு எண்ணெய் வேண்டும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. உடம்பு இளைக்க வேண்டும் என்று கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் குடிப்பவர்கள், அதிலுள்ள வைட்டமின் கேயில் பெரும்பகுதியைக் குடலில் ஏறவிடாமலே கழித்துவிடுகிறார்கள். 1990களில் நெதர்லாந்தில் செய்த ஒரு சோதனையில், பாலக்கீரையை வெண்ணெயோடு சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் ஏறிய அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நாலு பேர் சாப்பிடும் பொரியலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் தாராளம். தேங்காய்த் துருவல் தூவினால் அதுவும் கொழுப்புதான்.

6. பட்டர் ஃப்ரூட் நம் மலையிலேயே விளைகிறது. இதில் வைட்டமின் கே 100 கிராமுக்கு 20 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது. ஆனால் கீரைக்கு வேண்டிய கொழுப்பை இது கொடுக்கும். பழுத்த பழத்தைச் சர்க்கரையும் பாலும் ஊற்றி அடித்துக் குடிப்பதற்குப் பதில், உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு, ஒரு பெரிய கைப்பிடி கொத்தமல்லித் தழை சேர்த்து மசித்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். கொத்தமல்லித் தழையில் 100 கிராமுக்கு 300க்கு மேல் இருப்பதால், கைப்பிடி அளவே நன்றாக உதவும்.

7. சூட்டுக்கு அஞ்சாது, வெளிச்சத்துக்கு அஞ்சும். வைட்டமின் சி போல இது வேகவைத்தால் அழிவதில்லை, தண்ணீரிலும் கரைந்து ஓடாது. மலையில் பருப்பு வேக நேரமாகும், கீரையும் கூடவே கொதிக்கும். அதனால் இந்தச் சத்துக்குப் பழுதில்லை. வெயிலும் பளிச்சென்ற வெளிச்சமும்தான் எதிரி. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மேலே வரும் முருங்கைக்கீரையைப் பொடி செய்து வைப்பவர்கள் மொட்டை மாடி வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்தி, தகர டப்பாவிலோ எவர்சில்வர் சம்படத்திலோ வையுங்கள். ஜன்னலோரத்தில் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

8. மலைப்பூண்டு, மலைவாழை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. இரண்டுமே நம் பெருமை. வைட்டமின் கே மட்டும் இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம்.

9. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கீரை, பீட்ரூட் தழை இரண்டையும் மருத்துவரைக் கேட்டே அளவோடு சாப்பிடுங்கள். அவற்றில் கல் உருவாக்கும் ஆக்ஸலேட் அதிகம். முட்டைக்கோசில் அந்தத் தொல்லை குறைவு.

10. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் சாதாரணக் குடும்பத்தாருக்கும் இந்தச் சிகிச்சை எட்டும் விலைக்கு வந்தது. இப்படி இயந்திர வால்வு வைத்த எல்லாருமே வார்ஃபரின் அல்லது அசிநோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இந்த மாத்திரை வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை உறையவிடாமல் வைக்கிறது.

 இதைக் கேட்டதும் பலர் கீரையையே அடியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. கீரையை விட்டுவிட்டால் உடம்பில் வைட்டமின் கே இருப்பு வற்றிப்போய், ஒரே ஒரு நாள் விருந்தில் சாப்பிட்ட கீரைகூட, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் புரட்டிப் போட்டுவிடும். வேண்டியது விலக்கு அல்ல, நிதானம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரே கரண்டியளவு என்று வைத்துக்கொண்டால் எல்லா வாரமும் அதே மூன்று நாள், அதே கரண்டி. உங்கள் வழக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ப மாத்திரை அளவை அவர் அமைத்துக்கொள்வார்.

11. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வழக்கம் மாறும் நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புரட்டாசியில் கறி மீனை நிறுத்திவிட்டுக் கீரையும் கோசுமாகச் சமைப்போம். தவக்காலத்திலும் பல வீடுகளில் அப்படித்தான். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரை சாப்பிடுவார்கள். மகள் வீடு, மகன் வீடு என்று கீழே போய்ப் பத்து நாள் தங்கினால் கீரையே கண்ணில் படாமலும் போகும். கீரை கூடினால் மாத்திரையின் பலம் குறைந்து வால்வில் ரத்தக்கட்டி வரலாம். கீரை குறைந்தால் ரத்தக் கசிவு வரலாம். இப்படி நாள்கணக்கில் மாற்றம் வரும்போது, அடுத்த ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலையிலிருந்து ரத்தப் பரிசோதனைக்காகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்குவது ஒரு நாள் வேலை என்பது தெரியும். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

12. எல்லா ‘ரத்தம் மெலியும் மாத்திரை’யும் ஒன்றல்ல. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும், டாபிகாட்ரன், ரிவரோக்சபன், அபிக்சபன் போன்ற புது மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கீரைக் கணக்கு தேவையில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொன்ன பத்தியத்தை நீங்கள் கடைப்பிடிக்க வேண்டாம். அட்டையில் இருக்கும் பெயரைப் பாருங்கள், புரியாவிட்டால் மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள்.

13. பிறந்த குழந்தைக்குக் கீரை உதவாது, ஊசிதான். தாயின் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வைட்டமின் கே மிகச் சொற்பமே குழந்தைக்குப் போகிறது. தாய்ப்பால் எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் அதில் இந்த ஒரு சத்து மட்டும் மிகக் குறைவு. அம்மா எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் சாதாரண உணவால் இந்தக் குறை தீராது. அதனால் சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே தொப்புளிலும் குடலிலும் ரத்தம் கசியும். இன்னும் கொடுமை, இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று மூளையில் ரத்தம் கசிவது. பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மில்லிகிராம் ஊசி இதைத் தடுத்துவிடும். ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்தால் அரை மில்லிகிராம். எல்லாப் பிரசவ மையங்களிலும் இதைப் போட வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

 பிரசவ வார்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “பொறந்து ஒரு மணி நேரம் ஆகல, பச்சப்புள்ளைக்கு அதுக்குள்ள ஊசியாம்மா?” என்பார் அம்மாச்சி. “இது ரத்தம் உறையிறதுக்குக் குடுக்குற சத்து ஊசி பாட்டி, ஒரே ஒரு தடவைதான்” என்பார் நர்ஸ். அம்மாச்சியின் பரிவு புரிகிறது. ஆனால் இந்த ஊசியை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

 தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் மலைக் கிராமத்திலிருந்து வரும் வழியில், ஜீப்பிலோ 108 வண்டியிலோ பிறந்துவிடும் குழந்தைக்கு அந்த அவசரத்தில் ஊசி விட்டுப்போகக்கூடும். வீட்டுக்குக் கிளம்பும் முன், டிஸ்சார்ஜ் சீட்டில் வைட்டமின் கே என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள்.

14. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருவுற்றதும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஃபெனிடாயின், கார்பமாசிபைன், பீனோபார்பிடோன் போன்றவை வயிற்றிலிருக்கும் குழந்தையின் வைட்டமின் கேயைக் குறைக்கும். பிறந்த முதல் நாளிலேயே ரத்தக் கசிவு வரக்கூடும் என்பதால் ஊசி தாமதமாகக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

15. கைக்குழந்தையின் மலம் எந்த நிறம்? இரண்டு வாரத்துக்கு மேலும் கண்ணில் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கிறது என்றால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பித்தம் குடலுக்கு வராமல் அடைபட்டிருக்கலாம். பித்தம் இல்லாமல் கொழுப்பு செரிக்காது, கொழுப்பு செரிக்காமல் வைட்டமின் கே ஏறாது. பெரியவர்களுக்கும் பித்தப்பைக் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் இதே கதைதான். அதனால்தான் அறுவைச் சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள்.

16. மாத்திரையாக வாங்கலாமா? மூன்று வேளை சாப்பிட்டு, கீரை சேர்த்துக்கொள்ளும் ஆரோக்கியமான ஆளுக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்குக் கீரை வாங்கினால் இரும்பும் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். நாட்பட்ட வயிற்றுப்போக்கு, குடலை வெட்டிய அறுவைச் சிகிச்சை, ஈரல் நோய், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் ஆகியவை இருந்தால் மருத்துவர் பார்த்துத் தருவார்.

 ஒரு எச்சரிக்கை. கடைகளில் விற்கும் கால்சியம், டி3 மாத்திரைகள் பலவற்றில் இப்போது வைட்டமின் கேயின் ஒரு வகையான கே2 சேர்த்து வருகிறது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ‘எம்கே7’ என்றோ ‘மெனாகுவினோன்’ என்றோ போட்டிருப்பார்கள். மூட்டு வலிக்கென்று மகன் வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரை, வால்வு வைத்த அம்மாவின் ஐ.என்.ஆரைக் கலைத்துவிடலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் வீட்டில் எந்தச் சத்து மாத்திரையையும் அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள். வைட்டமின் ஈ மாத்திரையை அதிக அளவில் எடுத்தாலும் ரத்தக் கசிவு கூடும்.

17. பனிக்காலத்தில் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் உடனே வைட்டமின் கே குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். வறண்ட குளிர்காற்றும் மூக்கைக் குடைவதும்தான் பெரும்பாலும் காரணம். தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவதற்கும் ஈறு நோய்தான் முதல் காரணம். ஆனால் இடிபடாமலே உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள், சிறுநீரில் ரத்தம், கருத்த மலம் இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது.

18. எலி மருந்து. உருளைக்கிழங்கும் பூண்டும் சேர்த்து வைக்கும் வீட்டில் எலி வராமல் இருக்காது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் கேக் போல வரும் எலி மருந்தும் ஒரே குடும்பம். 1920களில் வட அமெரிக்காவில், ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிரின் கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. காரணமான பொருளை 1940 வாக்கில் விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்கு மருந்தானது 1954இல். இப்போது கேக்காகக் கிடைக்கும் புரோமடியோலோன் அதைவிட வீரியமானது.

 தவழும் குழந்தையோ நாயோ இதைக் கடித்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தம் கசியத் தொடங்கும். நன்றாகத்தானே விளையாடுகிறது என்று இருந்துவிடாதீர்கள். மாற்று மருந்து வைட்டமின் கே1. அதை மருத்துவர் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். கீரைச் சாறு ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பசையாக வரும் மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்தோ முற்றிலும் வேறு விஷம். அது ஈரலை நேரடியாகக் கெடுக்கும், வைட்டமின் கே அதற்கு மாற்று மருந்தல்ல. பசை வகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். எந்த எலி மருந்தாக இருந்தாலும், வாயில் பட்டது தெரிந்தவுடன் 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன மருந்து என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். கிழிந்த பாக்கெட்டையும் மிச்சத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.